பின்னால் நின்றவள்

“நம்பர் சொல்லுங்க ஐயா. இப்ப உங்க போனுக்கு வந்திருக்கும்.”

வந்துதான் இருந்தது. எனக்குத்தான் சொல்ல வாய் வரவில்லை.

சர்வீஸ் சென்டர்க்காரன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். சாவியை மருமகள் வேலைக்குப் போகும்போதே அவனுக்காக எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஓட்டுவது அவள், கார் என் பேரில். நான் நம்பர் சொன்னால்தான் அவன் வண்டியைத் தொடலாமாம்.

கம்பெனியே எல்லாக் காரையும் திரும்பக் கூப்பிட்டுச் சும்மா ரிப்பேர் செய்து தருகிறதாம்.

சும்மா தருகிறவனை நான் நம்புவதில்லை. என் மாமியார்கூட எனக்குச் சும்மா சோறு போட்டதில்லை.

“அப்படி என்ன கோளாறு?” என்றேன்.

அலுத்துப்போய்தான் சொன்னான். வீட்டுக்கு வீடு சொல்லிச் சொல்லிப் புளித்துப்போன அலுப்பு. பிரேக்குக்குப் போகிற ரப்பர் குழாய் ஒன்று. இந்தக் கார் வந்த வருஷத்து வண்டிகளுக்கெல்லாம் மட்டமான குழாயாகப் போட்டுவிட்டார்கள். விரிசல் விடும். விட்டால் சில நேரம் பெடல் கல் மாதிரி இறுகிவிடும், ஏறி மிதித்தாலும் வண்டி நிற்காது. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகியும் விடும்.

“இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னான்.

நான் பஸ் டிரைவர். தலை நரைக்கிறவரை பஸ்தான் ஓட்டினேன். ரிட்டயர் ஆனபிறகு ஆசைப்பட்டு வாங்கிய கார் இது.

போன வருஷம் இதே வாசலில் காரைப் பின்னால் எடுத்தேன். கேட்டைத் திறந்துவிட்டு என் வீட்டுக்காரி பின்னால் நின்று, “வரலாம், வரலாம்” என்று கை காட்டினாள். போதும் என்றாள். பிரேக்கை மிதித்தேன்.

பெடல் இறங்கவில்லை. காருக்கும் கேட் தூணுக்கும் நடுவில் அவள் இடுப்பு.

பெடல் கல்லாக இருந்தது என்று ஆஸ்பத்திரியில் வைத்தே சொன்னேன். மகன் மெக்கானிக்கைக் கூட்டிவந்து ஓட்டிப் பார்க்கச் சொன்னான். அன்றைக்கு அந்தச் சனியன் பிடித்த பிரேக் வெண்ணெய் மாதிரி இறங்கியது.

“வயசாச்சுப்பா. ஆக்ஸிலேட்டர்ல கால் போயிருக்கும். விடுங்க” என்றான் மகன்.

நான் படித்தவனில்லை. அந்தக் கால் ஒன்றுதான் எனக்குப் படிப்பு. அதையும் விடச் சொன்னான்.

டெப்போவில் என் பேரே ‘பெடல்’ ஆகிவிட்டது. என் கையில் வேலை கற்றவனெல்லாம் “பெடல் அண்ணன் எப்படி இருக்கார்?” என்று விசாரித்தானாம். எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் வலது காலை நானே வேண்டாத விருந்தாளியைப் போலப் பார்க்க ஆரம்பித்தேன்.

சாவியை மகனிடம் கொடுத்துவிட்டேன். ரிட்டயர் ஆன பிறகும் பகலெல்லாம் டெப்போவிலேயே கிடந்தவன், அந்தப் பக்கம் போவதை விட்டேன். இவளுக்கு வெந்நீர் வைத்தேன், துணி அலசினேன், கைத்தாங்கலாக நடக்க வைத்தேன். தலை வாரிவிடும்போது சீப்பு பிடிக்கத் தெரியாமல் முடியைப் பிடுங்கிவிடுவேன். ஒரு சத்தம் போடமாட்டாள். செய்த பாவத்துக்குத்தானே செய்கிறார் என்று பொறுத்துக்கொள்கிறாள் என நினைத்தேன்.

சர்வீஸ்காரன் மறுபடியும் நம்பர் கேட்டான்.

“தரமாட்டேன். சாயங்காலம் என் மகன் வருவான். இப்பச் சொன்னதை அவன் முன்னாடி சொல்லு, அப்புறம் எடுத்துட்டுப் போ.”

“சாயங்காலம் எனக்கு வேற வண்டி இருக்கு ஐயா. இன்னைக்கு விட்டா அடுத்த மாசம்தான் முறை வரும். அதுவரைக்கும் இதை ஓட்டக்கூடாது.”

ஓட்டாமல் இருக்கமாட்டாள் மருமகள். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவது இதில்தான்.

“சரி, கழட்டுற குழாயை எங்கிட்டே குடுத்துடு.”

“அதைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும். தரமுடியாது.”

பார்த்தீர்களா. குழாயும் போய்விடும். வண்டி திரும்பி வரும்போது பிரேக் மறுபடியும் வெண்ணெயாக இருக்கும், நான் மறுபடியும் பெடலாக இருப்பேன். போனைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டேன்.

“குடுத்தனுப்புங்க” என்றாள் இவள், எனக்குப் பின்னால் நாற்காலியிலிருந்து. “பிள்ளை ஏறுற வண்டி.”

“நீ சும்மா இரு. பிரேக்லதான் கால வெச்சேன்னு இப்பவாவது அவனுக்குத் தெரியட்டும்.”

“பிரேக்லதான் வெச்சிருந்தீங்க.”

சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் சமாதானம் ஒன்றும் இல்லை.

“உனக்கெப்படித் தெரியும்?”

“பின்னாடிதானே நின்னேன். ரெண்டு சிவப்பு லைட்டும் எரிஞ்சுதே.”

சர்வீஸ்காரன் எங்களைப் பார்க்காமல் காரின் டயரைப் பார்த்தான்.

பிரேக்கில் கால் வைத்தால்தான் அது எரியும். பஸ் டிரைவர் பெண்டாட்டிக்கு அது தெரியாமல் இருக்குமா?

“ஏன்டி சொல்லல?”

மடியில் கிடந்த துண்டை நாலாக மடித்தாள். பிறகு அதைப் பிரித்தாள்.

“சொல்லியிருந்தா நீங்க வீட்ல இருந்திருப்பீங்களா?”

போனை எடுத்து அவனிடம் நம்பரைச் சொன்னேன். குழாய் வேண்டாம் என்றும் சொன்னேன்.