இசைவாணி எழுதிய அப்பா

கறம்பக்குடியில் உரக்கடை வைத்திருக்கும் ஆத்மநாதனுக்கு வெளியே நல்ல பெயர். வீட்டில் அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே டிவி நின்றுவிடும்.

அந்த நல்ல பெயர் இன்றோடு போய்விடும் என்று காலையிலிருந்து அவருக்கு ஒரே கவலை.

எல்லாம் பள்ளிக்கூடத்து ஷெரின் டீச்சரால் வந்தது. நோட்ஸை மனப்பாடம் செய்தால் மொழி வராது, பிள்ளைகள் சொந்தமாக எழுதிப் பெற்றோர் முன்னால் படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. போன மாதத் தலைப்பு 'நேற்று எங்கள் வீட்டில்'. பக்கத்து வயலுக்குப் போன தண்ணீரை அப்பா அடைத்துவிட்டதை ராக்கன் மகள் கணீரென்று படித்துவிட்டாள். ராக்கன் இன்னும் தலை நிமிரவில்லை.

இன்று அவர் மகள் இசைவாணியின் முறை.

செவ்வாய்க்கிழமை குழம்பில் உப்புக் கூடிப்போனதற்கு ஆத்மநாதன் தட்டை விட்டெறிந்திருந்தார். மனைவி சரண்யாவுக்கு நெற்றியில் மூன்று தையல். பாத்ரூமில் வழுக்கிவிட்டதாகச் சொல்லச் சொன்னார். அவளும் அப்படியே சொன்னாள்.

என்ன எழுதியிருக்கிறாய் என்று மகளைக் கேட்டுப் பார்த்தார். அவள் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லப்பா" என்றாள். அதட்டவும் பயமாக இருந்தது. அதையும் எழுதிவிட்டால்?

கடையில் லோடு இறக்கிவிட்டு அவர் வகுப்பறைக்குள் நுழைந்தபோது இசைவாணி எழுந்து நின்றிருந்தாள். பெஞ்சுகளில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது.

"என் அப்பாவுக்குக் கோபமே வராது," என்று படித்தாள் இசைவாணி. "குழம்பில் உப்புக் கூடினால் சிரிப்பார். தயிர் ஊற்றிச் சாப்பிடுவார். அப்பா வண்டிச் சத்தம் கேட்டால் நானும் அம்மாவும் வாசலுக்கு ஓடுவோம்."

ஒருவர் பின் ஒருவராகக் கைதட்டினார்கள். ராக்கன் திரும்பி அவரையே பார்த்தார். சரண்யா தரையைப் பார்த்தாள்.

ஆத்மநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிள்ளை காப்பாற்றிவிட்டாள்.

எல்லோரும் கிளம்பியதும் டீச்சரிடம் போனார். "நல்லா எழுதியிருக்கா டீச்சர். அந்த நோட்டைக் குடுங்க, கடையில நாலு பேருகிட்ட காட்டணும்."

டீச்சர் தயங்கினார். "நீங்க லேட்டா வந்தீங்க சார். தலைப்பைக் கேட்டிருக்க மாட்டீங்க. இந்த மாசம் வேறங்க."

நோட்டைத் திறந்து நீட்டினார். மகளின் குண்டு எழுத்தில் மேலே இருந்தது:

'எனக்கு ஒரு வரம் கிடைத்தால்.'