கணக்கு என்ற நிரல்

இரண்டாவது மென்பொருளுக்குப் பத்துக்கு மூன்றுதான் போட்டேன். தொணதொணவென்று கேள்வி கேட்டால் வேறென்ன போடுவது?

வேலை இதுதான். மண்சரிவு ஆராய்ச்சிக்காரர் கீறிய வரைபடம் ஒன்று. அதில் ஆபத்தான சரிவெல்லாம் சிவப்பு. தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்கான பட்டியல் மற்றது. எந்த லயம் எங்கே நிற்கிறது என்று அதில் இருக்கும். இரண்டையும் இணைத்து, சிவப்புக்குள் நிற்கிற லயங்கள் எவை என்று மென்பொருள் சொல்ல வேண்டும். இரண்டு மென்பொருளில் எது நன்றாகச் சொல்கிறதோ அதை வாங்கும்படி நான் எழுத வேண்டும். பதுளை அலுவலகத்தில் அதற்கு என்னை விட்டால் ஆளில்லை.

சோதனைதான் என்றாலும் பட்டியல் உண்மையானது. கார்த்திகை மழை தொடங்கிவிட்டது. சிவப்பில் வருகிற லயத்துச் சனத்தை நாளைக் காலை லொறியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் தங்கவைப்பதாக ஏற்பாடு.

'ஒரே இலக்கத்தில் இரண்டு லயம் இருக்கிறது, எதை எடுக்க?' என்று இரண்டாவது மென்பொருள் ஒன்பது தடவை கேட்டது. பெரிய கரைச்சல்.

முதலாவது வாயே திறக்கவில்லை. நான்கு விநாடி. இரட்டிப்பு என்று ஒன்பதை அதுவாகவே நீக்கிவிட்டு, ஐந்து லயங்களைச் சிவப்பில் காட்டியது. அடடா, இதல்லவோ வேலை என்று பத்துக்குப் பத்துப் போட்டேன். அந்த ஐந்தையும் காலையிலேயே கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, ஃபக்ஸ் பண்ணியாயிற்று.

பின்னேரம் ஜெயலெட்சுமி கோப்பு ஒன்றை எடுக்க வந்தாள். எங்கள் தட்டச்சாளர், பட்டியலைக் கணினியில் அடித்துத் தந்தவள். அந்தத் தோட்டத்துப் பெண்தான். என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

"சார், கீக்கணக்கு எங்க சார்? எங்க வீட்டு லயமே காணோமே."

"கணக்கோ? உது தோட்டத்துக் காசுக் கணக்கெல்லே பிள்ளை. பட்டியலில அந்த நிரல் வேண்டாமெண்டு நான்தான் விட்டனான்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"கணக்குன்னா தோட்டத்து டிவிஷன் சார். மேக்கணக்கு, கீக்கணக்கு. ரெண்டுலயும் ஒண்ணாம் நம்பர்லருந்து லயம் இருக்கு."

ஐயோ.

நான் வடக்கே சாவகச்சேரிக்காரன். பதுளைக்கு வந்து எட்டு வருஷம். பட்டியலில் மேலிருந்து கீழே ஓடுகிற அந்த நிரலின் தலையில் 'கணக்கு' என்றிருந்தது, கீழே முதலில் எல்லாம் 'மே', பிறகு எல்லாம் 'கீ'. மே என்றால் மே மாதக் கணக்கு என்று எடுத்துக்கொண்டேன். கீ என்னவென்று யோசிக்கக்கூட இல்லை. எட்டு வருஷமாக இந்தச் சனத்தோடு இருந்தும் அவர்களுடைய சொல் ஒன்றைக் கேட்டு அறியாத என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த நிரல் போனால் மிச்சம் வெறும் இலக்கம்தானே. மேக்கணக்கு மூன்றாம் லயமும் கீக்கணக்கு மூன்றாம் லயமும் மென்பொருளுக்கு ஒன்றே. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் குப்பையில் போட்டுவிட்டது.

நிரலைத் திரும்பச் சேர்த்து ஓட விட்டேன். மறுபடியும் நான்கு விநாடி. மேக்கணக்கில் அதே ஐந்து. கீக்கணக்கில் ஒன்பது. கீக்கணக்கில் இருப்பதே ஒன்பது லயம்தான்.

பணிப்பாளரின் அறைக்கு ஓடினேன். அவர் கச்சேரிக்குத் தொலைபேசி எடுத்துச் சிங்களத்தில் நெடுநேரம் கதைத்தார். வைத்த பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்து லயத்துக்கென்று சொல்லித்தான் பள்ளிக்கூடமும் லொறியும் கேட்டதாம். மேலே கையெழுத்தும் வாங்கியாயிற்றாம். பதினான்கு என்று இனி யார் போய்ச் சொல்வது? கீக்கணக்கை அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார். வெளியே வரும்போது திரும்பக் கூப்பிட்டு, முதலாவது மென்பொருளையே வாங்கும்படி எழுதச் சொன்னார். கேள்வி கேட்காததுதான் அலுவலகத்துக்கு நல்லதாம்.

ஜெயலெட்சுமி அதே இடத்தில் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டாரை இன்றைக்கே வெளியேறச் சொல்லும்படி சொன்னேன்.

"அம்மாவும் அக்காவும் நாலாம் லயத்துல சார். அவங்கள வரச் சொல்லலாம். ஒம்பது லயமும் எங்க சார் போறது?"



பிறகு அவள் திரையைக் காட்டிக் கேட்டாள். இரண்டு நாலாம் லயம் இருந்தால் மென்பொருள் எதை வைத்துக்கொள்ளும் என்று. பட்டியலில் முன்னுக்கு நிற்பதை வைத்துக்கொள்ளும், பின்னால் வருவதை நீக்கிவிடும் என்றேன்.

அவள் முகம் செத்துப்போயிற்று.

தோட்டத்தில் இருந்து வந்த கொப்பி மேசையில் கிடந்தது. விரித்துப் பார்த்தேன். கையால் எழுதிய அந்தக் கொப்பியில் கீக்கணக்குத்தான் முதற்பக்கம். அகர வரிசைப்படி பார்த்தாலும் கீ தானே முன்னுக்கு? அடித்த பட்டியலில் மட்டும் மேக்கணக்கு முன்னே வந்து, கீக்கணக்கு பின்னால் போயிருந்தது.

"நீர்தானே அடிச்சது? ஏன் மாத்தினனீர்?"

"எங்க கணக்க முதல்ல போட்டா, சொந்தக்காரங்கள முன்னுக்குத் தள்ளுறேன்னு ஆபீஸ்ல சொல்லிருவாங்கன்னுதான் சார்… கடைசியா போட்டேன்."