நான்காவது பிளக்

கடைசி பிளக்கை எஞ்சினின் தலையில் திருகினேன். அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்று எஞ்சின் பத்து நிமிடம் நிற்காமல் ஓடினால்தான் ஞாயிற்றுக்கிழமை எங்கள் குட்டி விமானம் பறக்கும். மாலை வகுப்பில் மேசைக்கு நான்கு குளோ பிளக்தான் கொடுப்பார்கள். மூன்றை நாங்கள் கருக்கிவிட்டோம்.

பிளக்குக்குள் மயிரிழை அளவில் ஒரு கம்பிச் சுருள். பேட்டரி கிளிப்பை மாட்டினால் சிவந்து எரிபொருளைப் பற்றவைக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கிளிப்பைக் கழற்றிவிட வேண்டும். பிறகு எஞ்சினின் சூட்டிலேயே தானாகக் கனன்றுகொண்டிருக்கும். சூடு மிஞ்சினால் உருகிவிடும்.

கிளிப் என் வேலை. அதனால் தப்பும் என்னுடையது என்றே மூன்று வாரமாக நினைத்திருந்தேன். முதல் பிளக்கில் பதினைந்து விநாடியில் கழற்றினேன். அடுத்ததில் பத்து. அதற்கடுத்து ஐந்து. ஒன்றுகூட ஐந்து நிமிடம் தாண்டவில்லை.

நேற்று, ஒவ்வொரு ஓட்டத்தையும் குறித்துவைக்கும் என் நோட்டை முதலிலிருந்து புரட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது. மூன்று பக்கத்திலும் ஒரே வரி. 'புகை: இல்லை.'

புகையே இல்லையென்றால், எரிபொருள் போதாமல் ஓடியிருக்கிறது. அதுதான் அத்தனை சூடு.

எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசி அக்காவின் பொறுப்பு. முதல் நாளே வாத்தியார் அப்படிப் பிரித்துக் கொடுத்துவிட்டார். 'வேகம் உச்சத்துக்குப் போகும்வரை மூடு. பிறகு கால் சுற்று திற' என்று பலகையிலும் எழுதிப் போட்டிருந்தார். அக்கா உச்சத்திலேயே கண்ணை மூடி லயித்து நின்றுவிடுவாள். ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

இன்று ஊசியில் நான் கை வைத்தேன். அக்கா முறைத்தாள்.

விசிறியைக் குச்சியால் சுண்டினேன். பற்றிக்கொண்டது. ஐந்து எண்ணிக் கிளிப்பைக் கழற்றினேன். ஊசியை மெல்ல மூட, புகை மெலிந்தது. உடனே திறந்தேன், வெள்ளை நூல்போல் புகை மறுபடி நீளும்வரை. போதுமா? அதிகமா? தெரியவில்லை.

கொட்டகை முழுக்க எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா என் நோட்டைப் பிடுங்கி எழுதினாள்: "ஊசிய மூடுடி லூசு! எல்லாரும் நம்மளயே பாக்குறாங்க. மானம் போகுது."

மாட்டேன் என்று தலையசைத்தேன்.

ஐந்து நிமிடம். ஏழு. பக்கத்து மேசைக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். வாத்தியார் வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

புகை நூல் அறுபடவில்லை.

பத்தாவது நிமிடத்தில் அவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

அக்கா மறுபடி நோட்டை இழுத்தாள். "பொழச்சோம். ஆனா எரும கத்துற மாதிரி இருக்கு, சகிக்கல."

அதன் கீழே நான் எழுதினேன்: "எனக்குத்தான் காது கேட்காதே, எருமை எப்படிக் கத்தும்?"

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். என் உள்ளங்கையை எடுத்து, அதிர்ந்துகொண்டிருந்த மேசைமேல் அழுத்தினாள்.