காபித்தூள் பாட்டில்

மூடி வரவில்லை.

வழக்கம்போல் இரண்டு விரலால்தான் தூக்கினான். மூடியோடு பாட்டிலும் சேர்ந்து மேலே வந்தது.

கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தான். அடுப்பில் பால் சூடேறிக்கொண்டிருந்தது.

கூடத்து மேசையில் மனைவியின் ஊசி மருந்து கிடந்தது. பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். குளிர் விட்டபின் போட்டால் எரிச்சல் குறைவு. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்த அரை மணியில் காபி போடுவது அவன் வேலை. அப்புறம் ஊசியின் மூடியைக் கழற்றி, அவள் தொடையில் வைத்து அழுத்துவதும் அவன் வேலைதான். குத்துப்படுவது அவள். கண்ணை மூடிக்கொள்வது அவன்.

ஆனால் இந்தக் காபித்தூள் மூடி எப்படி இறுகியது?

இந்த வீட்டில் எந்த மூடியும் இறுகியிருக்காது. உப்பு, சர்க்கரை, ஊறுகாய், தேங்காயெண்ணெய். எல்லாவற்றிலும் மூடி சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். சர்க்கரைக்கு எறும்பு வரும். முறுக்கு நமத்துப்போகும். காபித்தூள் வாங்கிய மறுநாளே மணம் போய்விடும்.

போனால் போகட்டும்.

ஒருமுறை அவன் தங்கை வந்து தங்கியிருந்தாள். மகா சுத்தக்காரி. ஊருக்குக் கிளம்புமுன் சமையலறையைத் துடைத்து, எல்லா மூடிகளையும் அழுத்தித் திருகிவிட்டுப் போனாள். மறுநாள் காலை உப்புமாவில் உப்பே இல்லை.

"உப்புத் தீந்துபோச்சுங்க" என்றாள் மனைவி.

பாட்டிலில் உப்பு கழுத்துவரை இருந்தது. அவன் பார்த்தான். தட்டை வழித்துச் சாப்பிட்டான்.

அன்றிலிருந்து வாசல் கதவைப் பூட்டிவிட்டு வரும்போது எல்லா மூடிகளையும் தளர்த்திவிட்டுத்தான் படுப்பான். அவளுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

காலையில் அவள் விரல்கள் மடங்காது. மடங்கினால் நிமிராது. மூட்டெல்லாம் வீங்கிச் சிவந்திருக்கும். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே வீட்டுக்காரரைப் போட்டு அடிக்கிற நோய் என்று டாக்டர் விளக்கினார். "அப்ப அவன வேலைய விட்டு நிறுத்திப்போடுங்க டாக்டர்" என்றாள். டாக்டரே சிரித்துவிட்டார்.

மாத்திரைகளால் அந்தக் காவல்காரனை நிறுத்த முடியவில்லை. அதில் ஒரு மாத்திரை முதலில் நன்றாகக் கேட்டது. கை லேசாக இருக்கிறது என்று அவள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஃபோன் போட்டுச் சொன்னாள். அடுத்த வாரமே சீப்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை. எத்தனை வலிக்கும் அழாதவள், அவசரப்பட்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டோமே என்று அன்றைக்கு அழுதாள்.

அதனால் இந்த ஊசி தொடங்கியதிலிருந்து அவள் எதுவும் சொல்வதில்லை. அவனும் விசாரிப்பதில்லை. பலன் தெரியச் சில மாதம் ஆகும், சிலருக்குக் கேட்காமலும் போகலாம் என்றிருந்தார் டாக்டர்.

இதுவும் கேட்காவிட்டால்?

அந்தக் கேள்வியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டுதான் இருவரும் வீட்டுக்குள் நடமாடினார்கள்.

அவன் சர்க்கரை பாட்டிலைத் தொட்டான். இறுகியிருந்தது.

உப்பு. அதுவும்.

ஊறுகாய்.

வீட்டில் அவர்கள் இருவர்தான். நேற்று யாரும் வரவில்லை. படுக்கப் போகுமுன் அவன் தளர்த்தியதும் நிஜம். இன்றைக்கு அவனுக்கு முன்னால் எழுந்தவள் அவள்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நிதானமாக அணைத்தான். பாலாவது ஒன்றாவது.

காபித்தூள் பாட்டிலை எடுத்துத் திருகினான். கொஞ்சம் முரண்டு பிடித்துத் திறந்துகொண்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு மணம் குப்பென்று வந்தது.

மறுபடி மூடினான். இறுக்கினான். என்ன நினைத்தானோ, இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.

கூடத்துக்குக் கொண்டுபோனான். அவள் மேசையருகில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோமளா, இது தொறக்க மாட்டேங்குது. கொஞ்சம் பாரு."

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பாட்டிலை வாங்கினாள். வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, மூடியின்மேல் ஒவ்வொரு விரலாக வைத்தாள்.

திருகினாள்.

அசையவில்லை.

பாவி, எதற்கு இவ்வளவு இறுக்கினேன்? வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான்.

அவள் தரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். மணிக்கட்டில் நரம்பு எழும்பியது.

மூடி கிறீச்சிட்டது.

அவள் அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பாட்டிலுக்குள் குனிந்து ஒருமுறை முகர்ந்தாள். மூடியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

"நான் இவ்வளவு இறுக்கி மூடலீங்களே" என்றாள்.