அட்டைப்படத்தில் அம்மா

பத்திரிகையைக் கட்டிலில் விசிறியடித்தாள் மகள்.

"உன்னாலதாம்மா என் மானம் போச்சு! அட்டைப்படத்துல எங்கம்மாவும் இருக்காங்கன்னு கிளாஸ்ல சொன்னேன். 'எங்கடி உங்கம்மா? எங்க கண்ணுக்குத் தெரியலையே'ன்னு சிரிக்கறாளுங்க. புளுகுணின்னு பேரே வெச்சுட்டாளுங்க."

டிசைனரிடம் தையல் வேலை பார்க்கும் அம்மா, கைத்தையலிலிருந்து நிமிர்ந்தாள். அட்டையில் பிரபல பாடகி, சிவப்பு கவுனில், ராணி மாதிரி தன்னந்தனியாக நின்றிருந்தாள்.

"நான் பொய் சொல்லலைடி தங்கம். படம் எடுக்கற நேரத்துல கவுனோட முதுகு ஜிப் பிஞ்சு போச்சு. பாவம், அந்தப் பொண்ணு அழுதே விட்டுது. நான் தைச்சுக்கிட்டிருந்ததைப் போட்டது போட்டபடி ஓடிப்போய், பின்னாடி ஒளிஞ்சு உக்காந்து, கடைசி வரைக்கும் துணியை இழுத்துப் பிடிச்சிருந்தேன்."

"பின்னாடி இருந்தா யாருக்கும்மா தெரியும்? அவளுங்க கவுனைத்தான் பாக்கறாளுங்க. இடுப்புல வெள்ளி மொட்டு மாதிரி மின்னுதே, அந்த ப்ரூச் எங்க கிடைக்கும்னு ஆளாளுக்குத் தேடறாளுங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதைக் கம்ப்யூட்டர்ல அழிச்சிடலாம்னுதான் போட்டோகிராபர் சொன்னார். அந்தப் பொண்ணு விடலையே! 'என்னை நிமிர்ந்து நிக்க வெச்சதே அதுதான், இருக்கட்டும்'னு சொல்லிடுச்சு."

"எதும்மா?"

ஊசி குத்தாமலிருக்க மாட்டியிருந்த உலோகத் தொப்பியோடு, அம்மா தன் விரலை நீட்டினாள்.

படத்தில் கவுனின் இடுப்பு மடிப்பிலிருந்து எட்டிப் பார்த்ததும் அதே தொப்பிதான்.

மகள் துள்ளி எழுந்தாள்.

"நாளைக்கு ஒரே ஒரு நாள் இதை எனக்குக் குடும்மா. விரல்ல மாட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகணும்!"