லிங்க் எரருக்குப் பதில் சொன்னவர்

மனைவி கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்ததும் கணவனுக்குக் காபி கசந்தது.

“என்ன சிரிப்பு?”

“சி புரோகிராம் லிங்க் ஆகாம என் உயிரை வாங்கிச்சில்ல? இவர் சொன்னபடி செஞ்சேன், ஓடிடுச்சு! கமாண்ட்ல லைப்ரரி பேரை நான் முன்னாடியே கொடுத்துட்டேனாம். நம்ம ஃபைலுக்கு அப்புறம்தான் கொடுக்கணுமாம்.”

“இவரா? எவர்?”

“இன்டர்நெட்ல ஒருத்தர். ‘பயப்படாதீங்க, இந்தத் தப்பை நானும் செஞ்சிருக்கேன்’னு ஆரம்பிக்கிறார். என்ன ஒரு பொறுமை!”

அவனுக்கு வயிறு எரிந்தது. அதே வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவன், வீட்டில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறானே!

“என்கிட்டக் கேட்டிருக்கலாமே?”

“கேட்டேனே. ‘இதுகூடத் தெரியாதா’ன்னு சொல்லிட்டுப் போனீங்க.”

“பொண்ணுன்னா வழியிறவனா இருப்பான். இனிமே அவன் பக்கம் போகாதே.”

“எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்குங்க.”

டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு எழுந்து வந்தான். “யாரு அவன்? காட்டு!”

அவள் திரையைத் திருப்பினாள். அவர்கள் கல்யாணத்துக்கு வெகுகாலம் முன்பு, முகம் தெரியாத யாரோ ஒரு மாணவனுக்கு எழுதிய பதில் அது. ஒவ்வொரு படியாக, அன்பாக விளக்கியிருந்தது. அடியில் எழுதியவரின் புனைபெயர் இருந்தது: ‘முட்டைக்கண்ணன்’.

பாவம், அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“அத்தை உங்களை அப்படித்தானே கூப்பிடுவாங்க?” என்றாள் மனைவி மெதுவாக. “அவரைக் கொஞ்சம் நம்ம வீட்டுக்கும் வரச் சொல்லுங்களேன்.”