ஹாரன் இல்லாத விமானம்

"சாந்தாக்கா, உன் வூட்டுக்காரரு வளைவாண்ட ஏரோபிளேன் ஓட்டிக்கினு கீறாரு. ஓடு, ஓடு, ஜன்னல் சீட்டு கெடைக்கும்!"

பக்கத்து வீட்டுச் செல்லி சொல்லிவிட்டுச் சிரித்ததும் சாந்தம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புடைத்துக்கொண்டிருந்த சாமையை முறத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

ஊரில் போனுக்கு நெட் கிடைப்பது காவலூர் ரோட்டு வளைவில் மட்டும்தான். அங்கே தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தார் கோபால்சாமி. இந்த மலை ரோட்டில் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டி, தை மாசம்தான் ரிட்டையர் ஆனவர். எந்த வளைவிலும் ஹாரன் அடிக்காமல் திரும்பியதில்லை. எதிரே ஈ காக்கா வராது என்று தெரிந்தாலும் அடிப்பார். இப்போது சாயங்காலம் நாலு மணி ஆனால் போதும், போனும் கையுமாக இங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

ஆடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் இந்த விளையாட்டையா?

நாலு வருஷத்துக்கு முன்னால், இதே விமானச் சண்டையை ஆடினான் என்றுதான் மகன் அருண்ராஜின் போனைப் பிடுங்கி, இதே வளைவிலிருந்து பள்ளத்தில் வீசினார். "கேம் ஆடுற நாயி உருப்படுமா?" என்று ஊரே கேட்கக் கத்தினார். மறுநாள் முதல் பஸ்ஸில் ஓசூருக்குப் போனவன்தான் பையன். அங்கே ஒரு கம்பெனியில் காலை ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் அம்மாவிடம் பேசுவான். "நைனா பக்கத்துலதான் கீறாரு, குடுக்கட்டா?" என்று கேட்டால், "வெச்சிட்றேம்மா." அவ்வளவுதான்.

"இன்னாய்யா, வெக்கமா இல்ல?"

கோபால்சாமி நிமிரவில்லை. "இரு சாந்தா. கேரியர்லருந்து இப்பத்தான் கெளப்புனேன்."

"கேரியரா? எவ சோறு கட்டிக் குடுத்தா?"

"அய்ய, சோத்துக் கேரியர் இல்ல. பிளேனை ஏத்திக்கினு போற கப்பலு. எங்க பறந்து எவனோட சண்ட போட்டாலும், கடைசியில அதுலதான் வந்து எறங்கணும்."

"பொம்மை பிளேனுகூட வூட்டுக்குத் திரும்புது. என் புள்ளதான் வரல."

கோபம் அடங்காமலே சாந்தம்மாள் போனை எட்டிப் பார்த்தாள். கடலுக்கு மேலே ஒரே மாதிரி இரண்டு விமானங்கள் ஜோடியாகப் போயின.

"கூடப் போறது யாரு?"

"யாரோ, கூட ஆடுற ஆளு."

"இதான் ஓடுற ஓட்டமா? கட்ட வண்டி தோத்துது."

"இதவிட வேகமா போறது கீது. நல்லா சுடுறதும் கீது. இது எல்லாத்துலயும் நடு. ஆனா ஒருத்தர் பக்கத்துலயே பறக்கணும்னா இதான் தோது. முந்திக்கினும் போவாது, பின்னாலயும் நின்னுடாது."

சொல்லும்போதே விமானம் இடப்பக்கம் திரும்பியது. திரும்புவதற்கு முன்னால் அவர் ஒரு பட்டனை அழுத்த, வாலிலிருந்து மத்தாப்பு மாதிரி பொறி கொட்டியது. மறுபடி ஒரு திருப்பம். மறுபடி மத்தாப்பு.

"அது இன்னாத்துக்கு?"

"எதிரி குண்டு தொரத்துனா, அத ஏமாத்த விடுறது."

"இப்ப எவனும் தொரத்தலியே?"

கோபால்சாமி அசடு வழிந்தார். "திரும்பறேன்னு சொல்ல வேணாவா? இதுல ஹாரன் வெக்கல."

வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். இன்றைக்கு அந்த அசட்டுச் சிரிப்பே அவளுக்குச் சகிக்கவில்லை. பெற்ற பிள்ளையை ஊரை விட்டு ஓட்டிவிட்டு இங்கே என்ன சிரிப்பு?

வெடுக்கென்று போனைப் பிடுங்கினாள். "அவன் ஆடுனா நாயி, நீ ஆடுனா நியாயமா? அவன் போனு போன எடத்துக்கே இதுவும் போவட்டும்!"

கையை ஓங்கிவிட்டாள்.

"போட்றாத சாந்தா! அதுல அருணு கீறான்!"

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அந்தக் கூடப் போற பிளேனு, அவன்தான். நம்ம பொண்ணு தமிழரசிதான் அண்ணன் இன்னா பேர்ல ஆடுறான்னு சொன்னா. நான் வேற பேரு வெச்சிக்கினு சேந்துக்கினேன்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா பூடுவான். ஆறு மாசமா தெரியாம பாத்துக்கினு வர்றேன். பேச்சு இல்ல, ஒண்ணும் இல்ல. நாலு மணியிலருந்து அஞ்சு வரைக்கும் பக்கத்துல பறக்கறான். எனக்கு அது போதும் சாந்தா." அவர் வலது கையை விரித்துக் காட்டினார். "அன்னிக்கு இந்தக் கையாலதான வீசுனேன்."

சாந்தம்மாள் மெல்லக் கையை இறக்கினாள். போனில் அவருடைய விமானம், ஓட்ட ஆளில்லாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து விமானம் வேகத்தைக் குறைத்துப் பின்னால் வந்தது.

டிங் என்று ஒரு சத்தம். திரையின் கீழே ஏதோ எழுத்து வந்து விழுந்தது.

"இன்னா போட்டுக்கீறான்? ஏன் ஓட்டலன்னு கேக்கறானா? போறேன்னுட்டானா?" கோபால்சாமி பதறிப்போய் எழுந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாந்தம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"நைனா, வளைவுக்கு வளைவு ஹாரன் அடிச்சி மத்தாப்ப தீத்துடாத. தைரியமா திரும்பு, பின்னாடி நான்தான் வர்றேன்."